எழுதாமல் விட்ட ஒரு வரி: பாடல் உரிமப் பேரத்துக்கு எப்படிப்பட்ட இணையக் கருவி தேவை?

ஒரு பாடலைப் பதிவு செய்ய முன்பு பெரிய ஒலிப்பதிவுக் கூடம் வேண்டியிருந்தது. இன்று ஒரு மடிக்கணினியும் நல்ல ஒலிவாங்கியும் சத்தம் புகாத ஓர் அறையும் இருந்தால் போதும். கிள்ளானிலும் ரவாங்கிலும் சுங்கை சிப்புட்டிலும் ஜொகூர் பாருவிலும் தமிழ் இளைஞர்கள் வீட்டு அறையிலேயே பாடல் செய்து வெளியிடுகிறார்கள். பாடல் செய்யும் முறை மாறிவிட்டது. ஆனால், அந்தப் பாடலுக்கு விலை பேசும் முறை பெரும்பாலும் பழையபடியே இருக்கிறது.

குறும்படம் எடுப்பவர் இசையமைப்பாளரைத் தொலைபேசியில் அழைக்கிறார். "தம்பி, ஒரு பாட்டு வேணும், பட்ஜெட் கம்மி, உனக்குப் பேர் கிடைக்கும்" என்கிறார். "சரிண்ணே, பார்த்துக் கொடுங்க" என்று பதில் வருகிறது. ஒரு தொகை கைமாறுகிறது. பாடல் புலனம் வழியாகக் கோப்பாகப் போய்ச் சேர்கிறது. அத்துடன் பேச்சு முடிந்தது. அந்தப் பாடல் யாருடையது, எத்தனை ஆண்டு பயன்படுத்தலாம், விளம்பரத்துக்கும் போடலாமா, வேறொருவருக்கு விற்கலாமா என்பதை இருவரும் பேசவே இல்லை.

பேசாமல் விட்டால் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். மலேசியச் சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. பேசாமல் விட்ட இடத்தைச் சட்டமே நிரப்பிவிடுகிறது. அது நிரப்பும் விதம் பாடல் செய்தவருக்குச் சாதகமானதல்ல.

மௌனத்துக்குச் சட்டம் தரும் பொருள்

மலேசியாவின் 1987ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, ஒரு படைப்பின் உரிமை முதலில் படைத்தவரையே சேரும். பதிவு எதுவும் தேவையில்லை. பாடல் எழுதப்பட்ட அல்லது ஒலிப்பதிவான நேரத்திலேயே உரிமை பிறந்துவிடுகிறது. ஆனால், இதற்கு ஒரு விலக்கு உண்டு. அச்சட்டத்தின் 26ஆவது பிரிவுப்படி, ஒருவர் கேட்டுச் செய்யச் சொன்ன படைப்பு என்றால், அதன் உரிமை கேட்டவருக்கு மாறிவிட்டதாகக் கொள்ளப்படும். மாறவில்லை என்றோ, இவ்வளவுதான் மாறியது என்றோ இரு தரப்பும் உடன்பாடு செய்திருந்தால் மட்டுமே அந்த விதி பொருந்தாது.

அதே சட்டத்தின் 27ஆவது பிரிவு இன்னொன்றையும் சொல்கிறது. உரிமையை மாற்றிக் கொடுப்பதாக இருந்தாலும், பயன்படுத்த உரிமம் தருவதாக இருந்தாலும், அது எழுத்தில் இருக்க வேண்டும். எழுத்தில் இல்லாவிட்டால் செல்லாது.

இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் நிலைமை விளங்கும். ஏற்கெனவே கைவசம் உள்ள பாடலுக்கு உரிமம் கொடுக்க எழுத்து வேண்டும். கேட்டுச் செய்து கொடுத்த பாடலின் உரிமையை இழக்க எழுத்து எதுவும் வேண்டாம். வாயை மூடிக்கொண்டு இருந்தாலே போதும். முதல் வகையில் மாட்டிக்கொள்வது பாடலைப் பயன்படுத்துபவர். "அவர் போனில் சரின்னு சொன்னாரே" என்ற வாதம் நிற்காது. இரண்டாம் வகையில் மாட்டிக்கொள்வது பாடலைச் செய்தவர்.

இழப்பது சிறிய பொருளும் அல்ல. மலேசியாவில் பாடல் வரிக்கும் இசைக்குமான பதிப்புரிமை, படைத்தவரின் ஆயுள் முழுவதும், அவர் மறைந்த பிறகு 50 ஆண்டும் நீடிக்கிறது. இந்தியாவில் அது 60 ஆண்டு, சிங்கப்பூரில் 70 ஆண்டு. பேரப்பிள்ளைகள் காலம்வரை வரக்கூடிய ஒரு சொத்து, ஒரு புலனச் செய்தியில் விடுபட்ட வரியால் கைமாறிவிடுகிறது. பாடலில் தன் பெயரைக் கேட்டுப் பெறும் தார்மீக உரிமை அதன் பிறகும் உண்டு. ஆனால் பெயர் வேறு, வருமானம் வேறு.

ஜொகூர் பாலத்தைத் தாண்டினால் விதி மாறுகிறது. சிங்கப்பூரின் 2021ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம் அவ்வாண்டு நவம்பர் 21ஆம் தேதி நடப்புக்கு வந்தது. அதன்படி, கேட்டுச் செய்த ஒலிப்பதிவு, படம், நிழற்படம் போன்றவற்றுக்கும் வேறு உடன்பாடு இல்லையென்றால் படைத்தவரே முதல் உரிமையாளர். அங்கே மௌனம் படைத்தவர் பக்கம் நிற்கிறது. இங்கே கேட்டவர் பக்கம். சிங்கப்பூரில் வேலை, ஜொகூர் பாருவில் வீடு, இரு பக்கமும் பாடல் வாய்ப்பு என்று வாழும் இளைஞர்கள் இந்த வித்தியாசத்தைக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். எந்த நாட்டுச் சட்டப்படி ஒப்பந்தம் என்பதையும் ஒரு வரியில் எழுதிவிடுவது நல்லது.

இசை உரிமத்தைப் பேசி முடிக்க ஓர் எளிய இணையக் கருவி வேண்டும் என்ற பேச்சு பல நாடுகளில் நடக்கிறது. பணம் செலுத்த ஒரு பொத்தான் வைப்பது அதில் சுலபமான பகுதி. இங்குள்ள சூழலில் அந்தக் கருவி முதலில் செய்ய வேண்டியது வேறு: உரிமை யாருடையது என்ற கேள்வியை வெற்றிடமாக விட்டுவிட்டு யாரும் பேரத்தை முடிக்க முடியாதபடி தடுப்பது.

ஒரு பாட்டுக்குள் பல கதவுகள்

கேட்பவருக்கு ஒரு பாட்டு ஒரே பொருள். சட்டத்துக்கு அது பல பொருள். பாடலாசிரியரின் வரிகள் ஒன்று, இசையமைப்பாளரின் மெட்டு ஒன்று, பணம் போட்டுப் பதிவு செய்தவரின் ஒலிப்பதிவு ஒன்று. பாடியவருக்கும் வாசித்தவருக்கும் நிகழ்த்துநர் உரிமை என்று தனியே ஒன்று இருக்கிறது.

மலேசியாவில் இந்த உரிமைகளை அவரவர் சார்பில் நிர்வகிக்க அமைப்புகள் உள்ளன. பாடலாசிரியர், இசையமைப்பாளர், இசைப் பதிப்பாளர் ஆகியோருக்கு எம்ஏசிபி. ஒலிப்பதிவு நிறுவனங்களுக்குப் பிபிஎம். நிகழ்த்துநர்களுக்கு ஆர்பிஎம். சிங்கப்பூரில் பாடலாசிரியர், இசையமைப்பாளர் சார்பில் காம்பஸ் இயங்குகிறது. உணவகத்திலும் கடையிலும் மண்டபத்திலும் பாட்டுப் போடுவதற்கான உரிமத்தை இத்தகைய அமைப்புகள் மொத்தமாகக் கொடுக்கின்றன. வெளிநாட்டு அமைப்புகளுடன் பரஸ்பர ஒப்பந்தம் இருப்பதால், தமிழகத் திரைப்பாடலுக்கான கட்டணத்தையும் இங்கேயே கட்ட வழி பிறக்கிறது.

உணவகம் வைத்திருப்பவருக்கு இதில் ஒரு நியாயமான குறை உண்டு. "ஒரே ரேடியோவுக்கு எத்தனை பேருக்குப் பணம் கட்டுவது?" என்று அவர் கேட்கிறார். வரியும் மெட்டும் ஒருவருடையது, ஒலிப்பதிவு இன்னொருவருடையது என்று யாரும் அவருக்கு விளக்கியிருக்க மாட்டார்கள். கடிதம் வரும்போதுதான் அவருக்கு விஷயமே தெரிகிறது. கட்டணம் நியாயமில்லை என்று தோன்றினால் பதிப்புரிமைத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம் என்பதும் பலருக்குத் தெரியாது.

மொத்த உரிமத்துக்கு வெளியே இருக்கும் பயன்பாடுகள்தாம் உண்மையான பேரத்துக்கு உரியவை. குறும்படக் காட்சியோடு பாடலைச் சேர்ப்பது, விளம்பரத்தில் போடுவது, மெட்டை எடுத்து வேறு வரி எழுதுவது, பழைய பாட்டின் ஒரு துண்டை ராப் பாடலில் ஒட்டுவது போன்றவற்றுக்குப் பொதுக் கட்டண அட்டை பெரும்பாலும் கிடையாது. உரிமையாளரைத் தேடிப் பிடித்துப் பேச வேண்டும். உரிமையாளர் ஒருவராக இல்லாமல் நால்வராக இருந்தால், நால்வரும் தலையாட்டிய பிறகே நிம்மதி.

இங்கும் சட்டத்தில் ஒரு நுணுக்கம் உள்ளது. மலேசியச் சட்டப்படி, கூட்டு உரிமையாளர்களில் ஒருவர் கொடுத்த உரிமம் மற்றவர்களும் கொடுத்ததாகவே கொள்ளப்படும். வேறு உடன்பாடு இல்லையென்றால், வந்த பணம் எல்லாருக்கும் சமமாகப் பிரிக்கப்பட வேண்டும். நண்பர்கள் மூவர் சேர்ந்து ஒரு பாடலை உருவாக்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் இரண்டு மாதம் உழைத்து மெட்டமைத்தார். இன்னொருவர் ஒரே மாலையில் நான்கு வரி சேர்த்தார். எதுவும் எழுதி வைக்கவில்லை. அவர்கள் கூட்டு உரிமையாளர்களாகக் கருதப்பட்டால், நான்கு வரி சேர்த்தவர் தனியே போய் உரிமம் கொடுத்துவிடலாம். பணத்தில் பங்கும் சமம். நட்பு முறியும் இடம் பெரும்பாலும் இதுதான்.

நல்ல கருவி என்றால், ஒருவர் உரிமம் கொடுக்க முற்படும்போதே மற்ற உரிமையாளர்களின் கைப்பேசிக்குத் தகவல் போக வேண்டும். பாடலைப் பதிவேற்றும்போதே யாருக்கு எத்தனை விழுக்காடு என்று கேட்க வேண்டும். கூட்டினால் நூறு வராவிட்டால் அடுத்த பக்கம் திறக்கக் கூடாது.

சட்டச் சொல்லில் தொடங்கினால் யாரும் தொடமாட்டார்கள்

உரிமப் படிவங்கள் பொதுவாகச் சட்டச் சொற்களில் தொடங்குகின்றன. பொது நிகழ்த்துதல் உரிமையா, மறுவுருவாக்க உரிமையா, ஒத்திசைவு உரிமையா என்று எடுத்த எடுப்பிலேயே கேட்டால், மண்டபம் நடத்துபவரும் குறும்படம் எடுக்கும் கல்லூரி மாணவரும் அங்கேயே நின்றுவிடுவார்கள். அவர்களுக்குத் தங்கள் வேலை தெரியும். அந்த வேலைக்குச் சட்டம் வைத்த பெயர் தெரியாது. பெயரைக் கண்டுபிடிப்பது கருவியின் பொறுப்பு.

ஆகவே முதல் கேள்வி இப்படித்தான் இருக்க வேண்டும்: இந்தப் பாட்டை வைத்து என்ன செய்யப் போகிறீர்கள்? கடையில் ஒலிக்க, மேடையில் பாட, படத்தில் சேர்க்க, விளம்பரத்துக்கு, இணையத்தில் நீங்களே பாடிப் போட என்று ஐந்தாறு விடைகள் தமிழில் இருந்தால் போதும். பயனர் ஒன்றைத் தொட்டவுடன், அதற்கு எந்த உரிமைகள் தேவை, யாரிடம் பெற வேண்டும் என்று திரையில் தெரிய வேண்டும்.

இரண்டாம் கேள்வி: இந்தப் பாட்டு ஏற்கெனவே இருக்கிறதா, இல்லை உங்களுக்காகப் புதிதாகச் செய்யப் போகிறார்களா? கேட்பதற்குச் சாதாரணக் கேள்வி. ஆனால், 26ஆவது பிரிவு பொருந்துமா இல்லையா என்பதை முடிவு செய்வது இதுதான். புதிதாகச் செய்யப் போகிறார்கள் என்றால், உரிமை யாரிடம் இருக்கும் என்ற பக்கத்தைக் கடக்காமல் மேலே போக முடியாதபடி கருவி இருக்க வேண்டும்.

மூன்றாவது: நுழைவுச்சீட்டு உண்டா, நிகழ்ச்சியை நடத்துவது யார், எதற்காக? தோட்டத்துக் கோயில் திருவிழாக் குழுவும் பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் அடிக்கடி குழம்பும் இடம் இது. லாப நோக்கில்லாத மன்றமோ அமைப்போ, அறப்பணிக்காக அல்லது கல்விக்காக, நுழைவுக் கட்டணம் வாங்காத இடத்தில் ஒரு படைப்பை நிகழ்த்தினால் மலேசியச் சட்டம் விலக்கு அளிக்கிறது. அதே மேடையில் சீட்டு விற்றுக் கலை இரவு நடத்தினால் கதை வேறு. விலக்குக்கான நிபந்தனைகள் தங்களுக்குப் பொருந்துகின்றனவா என்பதைக் குழுவினர் ஒரு நிமிடத்தில் சரிபார்க்க முடிய வேண்டும். கட்ட வேண்டாத இடத்தில் பயந்து கட்டுவதும், கட்ட வேண்டிய இடத்தில் தெரியாமல் மாட்டிக்கொள்வதும் இப்படித்தான் குறையும்.

மொழியும் இதில் அடங்கும். மலாயும் ஆங்கிலமும் அலுவலகத்துக்குப் போதும். தோட்டத்தில் பிறந்து பாட்டுக் கட்டும் ஒருவருக்கு, கையெழுத்திடும் முன் நிபந்தனைகளைத் தமிழில் படித்துப் பார்க்கும் வாய்ப்பு இருக்க வேண்டும். அதுவும் கைப்பேசித் திரையில், பெரிய எழுத்தில், ஒரு பக்கத்துக்கு ஒரு கேள்வி என்ற அளவில். கணினி இருந்தால்தான் பயன்படுத்த முடியும் என்றால், பாதிப் பேர் வாசலிலேயே திரும்பிவிடுவார்கள்.

கூச்சமும் பேரத்தின் ஒரு பகுதி

தமிழ்ச் சமூகத்தில் பணம் கேட்பது சங்கடமான வேலை. படம் எடுப்பவர் அண்ணன் முறை. ஏற்பாட்டாளர் அப்பாவின் நண்பர். பாடகி பக்கத்துத் தாமானில் வளர்ந்த பிள்ளை. "எவ்வளவு தருவீங்க?" என்று கேட்டால் பணத்தாசை பிடித்தவன் என்ற பெயர் வருமோ என்று பயம். "எழுதிக் கொடுங்க" என்றால் நம்பவில்லை என்று அர்த்தமாகிவிடுகிறது. இந்தக் கூச்சத்தால் இழக்கப்படும் உரிமைகள் மோசடியால் இழக்கப்படுபவற்றுக்குக் குறைந்தவையல்ல.

ஒரு கருவி உண்மையாக உதவக்கூடிய இடம் இது. கேள்வியை மனிதர் கேட்கவில்லை, திரை கேட்கிறது. "அண்ணே, அதுல எல்லாரும் நிரப்பணும், அதான் அனுப்பினேன்" என்று சொல்லிவிடலாம். வங்கிப் படிவத்தில் கையெழுத்துப் போடும்போது யாரும் மனம் புண்படுவதில்லை. பாடல் உரிமமும் அந்த இயல்பு நிலைக்கு வர வேண்டும்.

பேரப் பக்கத்தில் ஐந்து விஷயங்கள் இருந்தால் போதும்: எதற்குப் பயன்படுத்துவது, எந்த நாடுகளில், எத்தனை காலம், வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாதா, எவ்வளவு தொகை. ஒன்றை மாற்றினால் மற்றதும் மாறலாம் என்பதைப் புதியவர்கள் அறிய மாட்டார்கள். எடுத்துக்காட்டாக, குறும்படக்காரர் 500 ரிங்கிட்டுக்கு மேல் இல்லை என்கிறார். இசையமைப்பாளர் 1,500 கேட்கிறார். இருவரும் தொகையையே பிடித்துக்கொண்டிருந்தால் பேச்சு முறியும். "500 ரிங்கிட், ஆனால் இந்தக் குறும்படத்துக்கு மட்டும், மூன்று ஆண்டு மட்டும், தொலைக்காட்சிக்குப் போனால் மீண்டும் பேசுவோம்" என்றால் இருவருக்கும் வழி கிடைக்கிறது. தொகை குறையும்போது உரிமையும் சுருங்க வேண்டும் என்ற இந்தக் கணக்கைக் கருவி கண் முன் காட்ட வேண்டும்.

"முழு உரிமையும் கொடுக்கிறேன்" என்ற தெரிவும் இருக்கலாம். சிலருக்கு அது உண்மையிலேயே பொருந்தும். ஆனால், அது முன்கூட்டியே டிக் செய்யப்பட்ட பெட்டியாக இருக்கக் கூடாது. அதைத் தொட்டால், "இனி இந்தப் பாடலை உங்கள் சொந்த நிகழ்ச்சியில் பயன்படுத்தக்கூட அனுமதி கேட்க வேண்டியிருக்கலாம்" என்று தெளிவான தமிழில் ஓர் எச்சரிக்கை வர வேண்டும்.

பேரம் முடிந்ததும் இருவருக்கும் ஒரே ஆவணம் போய்ச் சேர வேண்டும். 2006ஆம் ஆண்டு மின்னியல் வர்த்தகச் சட்டப்படி, பின்னர் எடுத்துப் படிக்கக்கூடிய மின்னியல் செய்தியும் எழுத்தாகவே ஏற்கப்படுகிறது. பேசிய தொகை வராவிட்டால், 5,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை வழக்கறிஞர் இல்லாமலேயே சிறு கோரிக்கை நீதிமன்றத்தில் தனிமனிதர் தாக்கல் செய்ய முடியும். ஆனால், காட்டுவதற்குக் கையில் ஏதாவது இருக்க வேண்டும்.

பெரிய பெயர்களும் இந்தச் சிக்கலுக்குத் தப்பியதில்லை. 2017 மார்ச்சில் எஸ்.பி. பாலசுப்பிரமணியம் அமெரிக்காவில் இசைப்பயணத்தில் இருந்தபோது, தன் பாடல்களை அனுமதியின்றி மேடையில் பாடக்கூடாது என்று இளையராஜா தரப்பிலிருந்து சட்ட அறிவிப்பு வந்தது. பல்லாண்டு நட்பும் நூற்றுக்கணக்கான பாடல்களும் இருந்தும் யார் யாருக்கு என்ன கொடுக்க வேண்டும் என்ற கேள்வி தீர்க்கப்படாமல் இருந்தது. இந்தியா தன் சட்டத்தை 2012இல் திருத்தி, திரைப்பாடலின் உரிமையை எழுதிக் கொடுத்த பிறகும், திரையரங்குக்கு வெளியே நடக்கும் பயன்பாட்டுக்கான உரிமத்தொகையில் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் உள்ள பங்கைப் பறிக்க முடியாதபடி செய்தது. மலேசியாவில் கையெழுத்திடும் தாளே முதல் காவல்.

பெயர் பிழையானால் பணம் வழிதவறும்

ஒப்பந்தம் சரியாக அமைந்தாலும் பணம் வந்து சேர இன்னொன்று வேண்டும்: சரியான பெயர்.

தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்தில் எழுதும்போது ஒவ்வொருவர் கையில் ஒவ்வொரு வடிவம் பெறுகிறது. 'ழ' என்ற ஓர் எழுத்தையே மூன்று விதமாக எழுதுகிறார்கள். அடையாள அட்டையில் தந்தை பெயரோடு 'அனாக் லெலாக்கி' அல்லது 'அனாக் பெரெம்புவான்' சேர்ந்து முழுப்பெயர். பாடல் முகப்பில் மேடைப் பெயர். வங்கிக் கணக்கில் சுருக்கப் பெயர். மனிதருக்கு மூன்றும் ஒருவர் என்று தெரியும். கணினிக்கு அது மூன்று பேர்.

இது சின்ன விஷயம் அல்ல என்பதற்கு அமெரிக்காவில் நடந்தது சாட்சி. அங்கு 2018இல் இயற்றப்பட்ட இசை நவீனமயச் சட்டத்தின் கீழ் எம்எல்சி என்ற அமைப்பு உருவாக்கப்பட்டு, 2021 ஜனவரியில் முழுமையாக இயங்கத் தொடங்கியது. அதற்கு முந்தைய ஆண்டுகளில் உரியவரோடு பொருத்த முடியாமல் இசைச் சேவை நிறுவனங்களிடம் தேங்கிக் கிடந்த உரிமத்தொகை, அடுத்த மாதமே அதனிடம் ஒப்படைக்கப்பட்டது. அந்தத் தொகை ஏறத்தாழ 42 கோடியே 40 லட்சம் அமெரிக்க டாலர். பாட்டு ஒலித்தது, பணமும் ஒதுக்கப்பட்டது, எந்தப் பாடலுக்கு யார் உரிமையாளர் என்ற தகவல் பொருந்தவில்லை.

இதைத் தவிர்க்க உலக அளவில் அடையாள எண்கள் உள்ளன. ஒவ்வோர் ஒலிப்பதிவுக்கும் ஐஎஸ்ஆர்சி என்ற 12 எழுத்துக் குறியீடு. வரியும் மெட்டும் சேர்ந்த படைப்புக்கு ஐஎஸ்டபிள்யூசி. பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் தனித்தனி ஐபிஐ எண். எந்த வடிவில் பெயர் எழுதினாலும் எண் மாறாது. தமிழ்க் கலைஞர்களுக்கான கருவி, தமிழ் எழுத்தில் பெயர், அடையாள அட்டைப் பெயர், மேடைப் பெயர், இந்த எண்கள் அனைத்தையும் ஒரே ஆளுக்குக் கீழ் கோத்து வைக்க வேண்டும். பாடலைப் பதிவேற்றும் அன்றே இதை நிரப்பினால் ஐந்து நிமிட வேலை. பத்து ஆண்டு கழித்துத் தேடினால் ஐந்து மாதத்திலும் முடியாது.

யார் நடத்துவது?

இவ்வளவு தேவை இருந்தும் இத்தகைய கருவி ஏன் எளிதாக அமையவில்லை? தொழில்நுட்பக் குறையால் அல்ல. உலகப் பாடல்கள் அனைத்தின் உரிமையாளர்களையும் ஒரே இடத்தில் தொகுக்க முயன்ற 'உலகப் படைப்புத் தரவுத்தளம்' என்ற பெரிய திட்டம் 2014இல் கைவிடப்பட்டது. பல நாட்டு உரிமை அமைப்புகள் சேர்ந்து தொடங்கியது அது. செலவைப் பங்கிடுவதில் ஒற்றுமை இல்லாமல் போனது. மலேசியாவிலும் உரிமை அமைப்புகள் சேர்ந்து எம்ஆர்எம் என்ற ஒரே முகப்பின் வழி உரிமம் கொடுத்த காலம் ஒன்று இருந்தது. அது சில ஆண்டுகளே நீடித்தது. அமைப்புகள் மறுபடியும் தனித்தனியே உரிமம் கொடுக்கின்றன. மாறாக, பிரிட்டனில் பாடலாசிரியர் தரப்பும் ஒலிப்பதிவு தரப்பும் கூட்டு நிறுவனம் அமைத்து, 2018 முதல் கடைகளுக்கும் மண்டபங்களுக்கும் ஒரே உரிமமாகக் கொடுத்து வருகின்றன. ஆக, ஒன்றுசேர்வது முடியாத காரியம் அல்ல.

கருவியை யார் நடத்துகிறார்கள் என்பதில்தான் அதன் நியாயம் இருக்கிறது. பாடலை வாங்கும் நிறுவனமே நடத்தினால், முழு உரிமையையும் கொடுத்துவிடுவதே சுலபமான பொத்தானாக இருக்கும். உரிமை அமைப்பு மட்டும் நடத்தினால், உறுப்பினர் அல்லாத புதிய கலைஞருக்கு இடம் இராது. கலைஞர்கள் மட்டுமே நடத்தினால், மண்டபக்காரரும் படமெடுப்பவரும் வர மாட்டார்கள். இரு தரப்புக்கும் பொதுவான ஓர் இடத்தில் அது இருக்க வேண்டும். 2022 மார்ச்சில் நடப்புக்கு வந்த சட்டத் திருத்தத்துக்குப் பின், கூட்டு நிர்வாக அமைப்புகளைக் கண்காணிக்கும் பொறுப்பில் உள்ள மலேசிய அறிவுசார் சொத்துடைமைக் கழகமான மைஐபோ இதற்கு வழிகாட்டலாம். கலைஞர் சங்கங்கள் தமிழ் வடிவத்தைத் தயாரித்துக் கொடுக்கலாம். மாதிரி ஒப்பந்தம் ஒன்றைச் சட்டம் படித்த தமிழர்கள் சேர்ந்து சரிபார்ப்பதற்குப் பெரிய நிதி ஒதுக்கீடு தேவைப்படாது.

எந்தக் கருவியும் வழக்கறிஞருக்கு முழு மாற்றாகாது என்பதையும் சொல்லியாக வேண்டும். பெரிய தொகை, பல ஆண்டு ஒப்பந்தம், வெளிநாட்டு நிறுவனம் என்றால் படித்துப் பார்க்க ஒரு வழக்கறிஞர் வேண்டும். ஆனால், வழக்கறிஞருக்குக் கொடுக்கும் கட்டணத்தைவிடப் பாட்டுக்கு வரும் தொகை குறைவாக இருக்கும் இடத்தில்தான் பெரும்பாலான உள்ளூர்ப் பேரங்கள் நடக்கின்றன. இன்று அந்த இடத்தில் எந்தப் பாதுகாப்பும் இல்லை.

கருவி வரும்வரை

காத்திருக்கும் காலத்திலும் சில காரியங்களைச் செய்ய முடியும். பாடல் பதிவான அன்றே, பங்கேற்ற அனைவரும் யாருக்கு எத்தனை விழுக்காடு என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திடலாம். முழுப்பெயர், அடையாள அட்டை எண், தேதி இருந்தால் போதும். முக்கியமான படைப்புகளை மைஐபோவில் தன்னார்வ அறிவிக்கையாகப் பதிவு செய்யலாம். 2012 முதல் இருக்கும் இந்த ஏற்பாட்டின்படி, பதிவேட்டின் சான்றளிக்கப்பட்ட பகுதி நீதிமன்றத்தில் முதல்நிலை ஆதாரமாக ஏற்கப்படும். பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் எம்ஏசிபியிலும், பாடகரும் வாத்தியக் கலைஞரும் ஆர்பிஎம்மிலும் சேர்வது பற்றி விசாரிக்கலாம். உறுப்பினராகி, பாடலையும் பதிவு செய்தால்தான் தங்கள் பாட்டு வானொலியில் ஒலித்ததற்கான பங்கு தேடி வரும்.

அடுத்த முறை ஒருவர் கைப்பேசியில் அழைத்துப் பாட்டுக் கேட்டால், வேலையைத் தொடங்கும் முன் இரண்டே வரி அனுப்பினால் போதும்: "பாடலின் பதிப்புரிமை படைத்தவரிடமே இருக்கும். உங்கள் குறும்படத்தில் மட்டும், இத்தனை ஆண்டுக்கு, இந்தத் தொகைக்குப் பயன்படுத்த அனுமதி." எதிர்ப்பக்கத்திலிருந்து "சம்மதம்" என்று வந்த பதிலை அழிக்காமல் பாதுகாத்து வைக்க வேண்டும். பாடலை வாங்குபவருக்கும் இது நல்லது. படம் வெளியான பிறகு தடை வந்து நிற்காது.

கோடிக்கணக்கில் செலவிட்டுக் கட்டும் கருவியும் கடைசியில் செய்யப்போவது இந்த இரண்டு வரியை மறக்காமல் எழுத வைப்பதைத்தான். அதுவரை ஒவ்வொருவர் கையிலும் இருக்கும் புலனமே அதற்குப் போதும். கேட்க வேண்டியதைப் பாட்டுக் கைமாறும் முன்பே கேட்டுவிட வேண்டும்.